தூனிஸ் வாயிலில் ஒரு ஸலாம்

ஹிஜ்ரி 725 (கி.பி. 1325) ரஜபு மாதத்தில், ஹஜ்ஜை நாடித் தன்ஜாவிலிருந்து இப்னு பதூதா தனியே புறப்பட்டபோது அவருக்கு வயது 21. வழியில் கடுங்காய்ச்சல், விழாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு பிணைத்துக்கொண்டார். தூனிஸை அடைந்ததும், ஊரார் திரண்டு வந்து உடன்வந்தோரை ஸலாம் கூறி வரவேற்றனர். அவரை அறிந்தவர் எவருமில்லை. ஸலாம் கூறுவாரும் இல்லை. கண்ணீர் பெருகிற்று. அதனைக் கண்ணுற்ற ஹஜ்ஜுப் பயணி ஒருவர் அருகே வந்து ஸலாமுரைத்து, நகருள் புகும்வரை ஆறுதலாகப் பேசி வந்தார்.

ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின், நம் மஅபர் நாட்டையும் கண்டு மீண்ட அப்பெரியார், இப்னு ஜுஸய்யிடம் தம் பயணத்தைச் சொல்லி எழுதுவித்தபோது, மன்னர்களின் வெகுமதிகளோடு அந்த ஸலாமையும் மறவாது பதிந்தார். ஸலாமுரைத்தவரின் பெயர் அதில் இல்லை.

நம் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருக்கும் அயலூராருக்கு நாம் இன்று ஸலாம் கூறினோமா?