இருபதில் நான்காவது பெயர்

1998 நவம்பரில் வெளிவந்த 'எனிமி ஆஃப் தி ஸ்டேட்' படத்தை இன்றைக்குப் பார்த்தால் சில இடங்களில் சிரிப்பு வரும். பெட்டி பெட்டியாக மானிட்டர்கள். அவற்றின் முன்னால் உட்கார்ந்து சிப்ஸ் கொறித்துக்கொண்டே ஒரு மனிதனின் வாழ்க்கையைக் கலைத்துப்போடும் இளைஞர்கள். ஓடுகிறவனின் தலைக்கு மேலேயே நின்று படம்பிடித்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள். தாழ்வான பாதையில் சுற்றும் உளவு செயற்கைக்கோள் ஓரிடத்தின்மேல் அப்படி நிற்க முடியாது, சில நிமிடங்களில் கடந்து போய்விடும். டோனி ஸ்காட் இதைப் பற்றியெல்லாம் கவலைப்படுகிற இயக்குநர் இல்லை. படம் அவ்வளவு வேகம்.

கதை தெரிந்ததுதான். அரசுக்குக் கண்காணிப்பு அதிகாரங்களை அள்ளித்தரும் ஒரு சட்ட முன்வரைவை எதிர்க்கும் அரசியல்வாதி ஏரிக்கரையில் கொல்லப்படுகிறார். கொலை செய்விப்பவர் தேசியப் பாதுகாப்பு முகமையின் (என்.எஸ்.ஏ.) உயர் அதிகாரி. பறவைகளைப் பதிவுசெய்ய வைத்திருந்த கேமராவில் அந்தக் கொலை விழுந்துவிடுகிறது. உயிருக்கு ஓடும் ஆராய்ச்சியாளர், வழியில் எதிர்ப்படும் கல்லூரி நண்பனின் பையில் அதைப் போட்டுவிட்டுச் செத்துப்போகிறார். அந்த நண்பன்தான் ராபர்ட் கிளேட்டன் டீன் (வில் ஸ்மித்), ஒரு வழக்கறிஞர். தன் பையில் என்ன இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. வீட்டுக்குள் ஒட்டுக்கேட்புக் கருவி, காலணியில் கருவி, பேனாவில் கருவி. வேலை போகிறது, வங்கிக் கணக்கு முடங்குகிறது, மனைவி வெளியே தள்ளுகிறாள். கடைசியில் செய்யாத கொலைப் பழியும் வந்து சேர்கிறது.

இந்தப் படத்தில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது ஒரு சின்னக் காட்சியைத்தான். கடையின் பாதுகாப்புக் கேமராவில் பதிவான படத்தை என்.எஸ்.ஏ. ஆட்கள் கணினியில் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கிறார்கள். பையின் மறுபக்கம் எப்படி இருக்கும் என்று பார்க்க முடியுமா என்று ஒருவர் கேட்கிறார். கணினியால் ஊகிக்கத்தான் முடியும் என்று பதில் வருகிறது. சரி, ஊகிக்கட்டும். பையின் வடிவம் கொஞ்சம் மாறியிருப்பது தெரிகிறது. அவ்வளவுதான், ஒரு படையே டீனின் பின்னால் கிளம்பிவிடுகிறது.

படத்தில் அந்த ஊகம் சரியாக இருந்துவிடுகிறது. பையில் நிஜமாகவே அது இருக்கிறது. படம் முழுக்கவே இயந்திரங்கள் தவறு செய்வதில்லை, அவற்றை இயக்கும் மனிதர்கள்தான் கெட்டவர்கள். ஊகம் தப்பாக இருந்திருந்தால்? பையில் ஒன்றுமே இல்லாமல் இருந்திருந்தால்? அந்தக் கேள்வியைப் படம் கேட்கவேயில்லை.

ஆனால் அதை ஏற்கெனவே ஒரு படம் கேட்டிருந்தது. டீனுக்கு உதவ வரும் பழைய உளவாளி பிரில்லாக நடித்தவர் ஜீன் ஹாக்மன். 24 ஆண்டுகளுக்கு முன்பு, 1974இல், கொப்போலாவின் 'தி கான்வர்சேஷன்' படத்தில் ஒட்டுக்கேட்கும் நிபுணர் ஹாரி கால் ஆக நடித்ததும் அவரே. பிரில்லின் பழைய கோப்பில் வரும் இளவயதுப் புகைப்படம்கூட அந்தப் படத்திலிருந்து எடுத்ததுதான்.

ஹாரி கால், சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் நடந்து போகும் ஒரு ஜோடியின் பேச்சைப் பதிவுசெய்கிறார். இரைச்சலையெல்லாம் வடிகட்டி ஒரு வாக்கியத்தை மீட்கிறார். அந்த ஜோடி ஆபத்தில் இருப்பதாக அவருக்குப் புரிகிறது. பதிவில் ஒரு குறையும் இல்லை, ஒவ்வொரு சொல்லும் துல்லியம். ஆனால் அந்த வாக்கியத்தில் அழுத்தம் எந்தச் சொல்லில் விழுகிறது என்பதை அவர் தப்பாகக் கேட்டிருக்கிறார். அழுத்தம் மாறினால் கொல்லப்படப் போகிறவர்கள் கொல்லப் போகிறவர்களாகிவிடுகிறார்கள். கருவி சரி, கேட்டவர் தப்பு.

'தி கான்வர்சேஷன்' வந்த அதே ஆண்டு ஆகஸ்டில் வாட்டர்கேட் விவகாரத்தால் நிக்சன் பதவி விலகினார். அடுத்த ஆண்டு செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு அமெரிக்க உளவு அமைப்புகளைத் தோண்ட ஆரம்பித்தது. வெளியே வந்தவை சினிமாவைவிட மோசம். 1945இல் தொடங்கி 30 ஆண்டுகள், நாட்டுக்குள் வந்த, நாட்டைவிட்டுப் போன தந்திகளின் நகல்களைத் தந்தி நிறுவனங்களே அரசிடம் கொடுத்து வந்திருக்கின்றன. 1952இல் ட்ரூமன் ரகசிய உத்தரவில் உருவாக்கிய என்.எஸ்.ஏ., சொந்தக் குடிமக்களின் பெயர்களைக் கொண்ட கண்காணிப்புப் பட்டியல் வைத்திருந்தது. மார்ட்டின் லூதர் கிங்கும் முகமது அலியும் அதில் இருந்தார்கள். விசாரணையை நடத்திய ஃபிராங்க் சர்ச்சின் பெயரும் இருந்தது 2013இல்தான் தெரியவந்தது.

அதன் விளைவுதான் 1978இல் வந்த வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம், சுருக்கமாக ஃபைசா. ஒற்றர்களைப் பிடிக்க ஒட்டுக்கேட்கலாம், ஆனால் அதற்கென்று ஒரு தனி நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். சாதாரணக் குற்ற வழக்கில் வீட்டைச் சோதனையிடக் கேட்கப்படும் அளவுக்கு இங்கே ஆதாரம் தேவையில்லை. அதனாலேயே ஒரு நிபந்தனை: வெளிநாட்டு உளவுத் தகவல் சேகரிப்பதுதான் கண்காணிப்பின் நோக்கமாக இருக்க வேண்டும். குற்ற வழக்குக்கு ஆள் பிடிக்க இந்தச் சுலபமான பாதையை எடுக்கக்கூடாது.

'எனிமி ஆஃப் தி ஸ்டேட்' வெளிவந்தபோது அந்தச் சுவர் நின்றுகொண்டிருந்தது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு 45 நாள்களில் பேட்ரியட் சட்டம் கையெழுத்தானது. செனட்டில் எதிர்த்து வாக்களித்தவர் ஒருவர் மட்டுமே, ரஸ் ஃபைன்கோல்ட். படத்தில் ஒரு கொலை செய்து நிறைவேற்றப் பார்த்த மாதிரியான சட்டம் நிஜத்தில் 98க்கு 1 என்று நிறைவேறியது. யாரையும் கொல்ல வேண்டியிருக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட அந்தச் சட்டத்தில் ஒரு சின்ன மாற்றம்: 'நோக்கம்' என்று இருந்த இடம் 'குறிப்பிடத்தக்க ஒரு நோக்கம்' என்று ஆனது. ஒரு அடைமொழி சேர்ந்தது, சுவர் விழுந்தது.

2004 மார்ச் 11 காலை, மாட்ரிட்டில் நான்கு ரயில்களில் 10 குண்டுகள் வெடித்தன. 190க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நகருக்கு வெளியே ஒரு ரயில் நிலையத்தின் அருகே நின்ற வேனில் டெட்டனேட்டர்கள் இருந்த நீலநிற பிளாஸ்டிக் பை கிடைத்தது. அதிலிருந்த கைரேகையின் டிஜிட்டல் படம் ஸ்பெயினிலிருந்து எஃப்.பி.ஐ.க்குப் போனது.

எஃப்.பி.ஐ.யின் கணினியில் கோடிக்கணக்கான விரல்களின் ரேகைகள் இருந்தன. அது தேடிப் பார்த்து, ஓரளவு ஒத்துப்போகும் 20 பேரைக் கொண்ட ஒரு பட்டியலைத் தந்தது. இதில் கணினியைக் குறைசொல்ல முடியாது. இவன்தான் என்று அது சொல்லவில்லை. இவர்களையும் பாருங்கள் என்றது, அவ்வளவுதான். பட்டியலில் நான்காவதாக இருந்த பெயர் பிராண்டன் மேஃபீல்ட். ஓரிகன் மாநிலம் போர்ட்லேண்ட் அருகே வசித்த 37 வயது வழக்கறிஞர், முன்னாள் ராணுவத்தினர். பதின்வயதில் ஒருமுறை கைதானதாலும் ராணுவத்தில் இருந்ததாலும் அவர் ரேகை கோப்பில் இருந்தது.

ஒரு நிபுணர் பார்த்து இவர்தான் என்றார். அந்த முடிவு தெரிந்தே இரண்டாமவர் பார்த்தார், ஆமாம் என்றார். மூன்றாமவரும் ஆமாம் என்றார். பின்னாளில் அமெரிக்க நீதித் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் நடத்திய விசாரணை, நடந்ததை விரிவாக எழுதியது. இரண்டு ரேகைகளும் நிஜமாகவே நிறைய ஒத்திருந்தன. பத்துப் புள்ளிகள் பொருந்தியதும் நிபுணர்கள் தலைகீழாகப் போக ஆரம்பித்துவிட்டார்கள். மேஃபீல்டின் தெளிவான ரேகையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, பையில் இருந்த மங்கலான ரேகையில் அதைத் தேடினார்கள், தேடியதைக் கண்டார்கள். பொருந்தாத ஒரு பெரிய பகுதிக்கும் விளக்கம் இருந்தது: அது வேறொரு தொடுதலாக இருக்கும்.

பிறகு ஃபைசா நீதிமன்றத்தின் அனுமதியோடு ரகசியக் கண்காணிப்பு. வீட்டில் ஆள் இல்லாதபோது உள்ளே நுழைந்தார்கள். கணினிகளின் ஹார்ட் டிஸ்க்குகளை நகலெடுத்தார்கள், சுமார் 335 புகைப்படங்கள் எடுத்தார்கள், பஞ்சுக் குச்சிகளில் பத்து மரபணு மாதிரிகள் எடுத்தார்கள். படத்தில் டீன் வீட்டில் நடந்ததேதான். ஆனால் இதைச் செய்தது சதிகாரக் கும்பல் இல்லை. எல்லாத் தாளிலும் முறையான கையெழுத்து இருந்தது.

மேஃபீல்ட் இஸ்லாத்துக்கு மாறியவர். மனைவி எகிப்தில் பிறந்தவர். பயங்கரவாத வழக்கில் சிக்கிய ஒருவருக்கு, குழந்தை யாரிடம் இருப்பது என்ற குடும்ப வழக்கில் வாதாடியிருக்கிறார். முதலில் ரேகையைப் பார்த்தபோது நிபுணர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று அந்த அறிக்கை சொல்கிறது. ஆனால் சந்தேகம் எழுந்த பிறகு, மறுபடி கறாராகப் பார்க்காமல் போனதில் இதற்கும் பங்கிருக்கலாம் என்றும் சொல்கிறது.

சந்தேகம் எழுந்தது ஸ்பெயினில். ஏப்ரல் 13 அன்றே ஸ்பானியத் தேசியக் காவல்துறை, ரேகை பொருந்தவில்லை என்று எழுதிவிட்டது. எஃப்.பி.ஐ. ஒரு நிபுணரை மாட்ரிட்டுக்கு அனுப்பி விளக்கியது. மே 6 அன்று மேஃபீல்டைக் கைதுசெய்தது. குற்றச்சாட்டு இல்லை, 'முக்கியச் சாட்சி' என்ற பெயரில் காவல். நீதிமன்றத்தில் தந்த பிரமாணப் பத்திரத்தில் ரேகை 100 சதவீதம் உறுதி என்றது. அவர் அண்மையில் நாட்டைவிட்டு வெளியே போனதற்குப் பதிவே இல்லை என்று அதே பத்திரம் ஒப்புக்கொண்டது. அப்படியென்றால் அவர் ஸ்பெயினுக்குப் போகவில்லை என்றுதானே பொருள்? இல்லையாம். பொய்ப்பெயரில் போயிருக்கலாம் என்று எழுதினார்கள். வீட்டில் கைப்பற்றிய 'ஸ்பானிய மொழி ஆவணங்கள்' பிள்ளைகளின் வீட்டுப்பாடம்.

இயந்திரம் தரும் வரிசைப் பட்டியல்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இது பழக்கமான ஆபத்து. பட்டியல் எவ்வளவு பெரிதோ, தற்செயலாக ஒத்துப்போகும் ஒருவர் அதில் இருக்கும் வாய்ப்பும் அவ்வளவு பெரிது. நூறு பேரில் தேடினால் மேஃபீல்ட் மாதிரி ஒருவர் கிடைத்திருக்க மாட்டார். கோடிகளில் தேடியதால்தான் கிடைத்தார். தரவு கூடக் கூட உண்மைக்கு நெருங்குகிறோம் என்று நினைக்கிறோம். உண்மை மாதிரியே இருக்கும் தப்புகளுக்கும் நெருங்குகிறோம்.

மே 19 அன்று, நீதிமன்றம் நியமித்த சுயேச்சை நிபுணரும் அது மேஃபீல்டின் ரேகைதான் என்றார். நான்காவது ஆமாம். அதே நாள் ஸ்பெயின் காவல்துறை ரேகையின் சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிட்டது: அல்ஜீரியாவைச் சேர்ந்த ஒருவர். மறுநாள் மேஃபீல்ட் வெளியே வந்தார், இரண்டு வாரக் காவலுக்குப் பிறகு. எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. 2006இல் அரசு 20 லட்சம் டாலர் இழப்பீடு தந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: அவரைக் காப்பாற்றியது அமெரிக்கச் சட்டத்தின் எந்தப் பாதுகாப்பும் இல்லை. கடலுக்கு அந்தப்பக்கம், தலையாட்ட மறுத்த சில ரேகை நிபுணர்கள். ஸ்பெயின் அந்த ஆளைக் கண்டுபிடிக்காமல் போயிருந்தால் நான்கு ஆமாம்கள் போதுமானதாக இருந்திருக்கும்.

இழப்பீடு வாங்கும்போது ஒரு உரிமையை மட்டும் மேஃபீல்ட் விட்டுக்கொடுக்கவில்லை: பேட்ரியட் சட்டத்தை எதிர்த்து வழக்காடும் உரிமை. 2007 செப்டம்பரில் நீதிபதி ஆன் ஐக்கன், அந்த 'குறிப்பிடத்தக்க' உள்ளிட்ட மாற்றங்கள் அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. மாற்றங்கள் சரி என்று அது சொல்லவில்லை. ஏற்கெனவே இழப்பீடு வாங்கிவிட்ட மேஃபீல்டுக்கு இந்த வழக்கைத் தொடரத் தகுதியில்லை என்றது. சட்டம் சரியா தப்பா என்ற கேள்வி அப்படியே நின்றுபோனது.

2013இல் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் வந்தபோது, 'எனிமி ஆஃப் தி ஸ்டேட்' அன்றே சொன்னது என்று பலர் எழுதினார்கள். எவ்வளவு பார்க்கிறார்கள் என்பதில் அது உண்மை. ஆனால் அந்தப் படத்தின் முடிவில் கெட்ட அதிகாரி சுடப்பட்டுச் சாகிறான், டீன்மேல் விழுந்த பழி நீங்குகிறது, எல்லாம் சரியாகிவிடுகிறது. மேஃபீல்ட் வழக்கில் சுட்டுத்தள்ள ஒரு வில்லன் இல்லை. மூன்று அனுபவசாலிகள் ஒரு மங்கலான படத்தை உற்றுப் பார்த்தார்கள், ஒருவர் சொன்னதை அடுத்தவர் நம்பினார். 'தி கான்வர்சேஷன்' கடைசிக் காட்சியில் ஹாரி கால் தன் வீட்டில் ஒளித்திருக்கும் ஒட்டுக்கேட்புக் கருவியைத் தேடி, தரைப் பலகைகளைக்கூடப் பெயர்த்துப்போட்டுவிட்டு, சிதைந்த அறையில் உட்கார்ந்து சாக்ஸஃபோன் வாசிக்கிறார். கருவி கிடைக்கவில்லை. இரண்டு படங்களில் ஒன்றைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் அதைப் பாருங்கள்.