போட்டோ லீக்: படம் பார்க்கச் சொல்லிக் கொடுத்த இடம்

போட்டோ எடுக்கப் பழகுபவருக்குக் கேமரா கூட எப்படியாவது கிடைத்துவிடும். எடுத்த படத்தைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்கிற ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். வீட்டில் காட்டினால் "சூப்பர்" என்பார்கள். போட்டிக்கு அனுப்பினால் ஒரு மார்க் வரும், ஏன் அந்த மார்க் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இந்தப் பிரச்சினைக்கு நியூயார்க்கில் சில இளைஞர்கள் 1936ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் போட்டோ லீக். அது 15 வருடம்தான் உயிரோடு இருந்தது.

1929ல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில் அமெரிக்காவே தள்ளாடிக்கொண்டிருந்த காலம் அது. நியூயார்க்கில் தொழிலாளர்களின் வாழ்க்கையைப் படம் பிடிக்க இடதுசாரிகள் நடத்திய ஃபிலிம் அண்ட் போட்டோ லீக் என்ற அமைப்பு ஏற்கெனவே இருந்தது. சினிமாக்காரர்கள் அதிலிருந்து பிரிந்து போக, மிஞ்சிய போட்டோக்காரர்களைச் சேர்த்து சிட் கிராஸ்மேனும் சால் லிப்சானும் போட்டோ லீக்கை நடத்தினார்கள். இருவருக்கும் அப்போது வயது இருபதுகளின் தொடக்கம்! உறுப்பினர்களில் பெரும்பாலோர் குடியேறிய யூதத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள். பெண்களும் கணிசமாக இருந்தார்கள்.

லீக்கில் இருந்தது என்ன? பொதுவாகப் பயன்படுத்த ஒரு டார்க் ரூம், குறைந்த கட்டணத்தில் வகுப்புகள், படங்களை மாட்டிவைக்க ஒரு சின்ன காலரி, 'போட்டோ நோட்ஸ்' என்ற செய்தி மடல். அவ்வளவுதான். சொந்தமாக டார்க் ரூம் வைக்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு அதுவே பெரிய விஷயம்.

ஆனால் லீக்கின் உண்மையான சொத்து வேறு. அன்றைய கேமரா கிளப்புகளில் பெரும்பாலும் அழகுக்குத்தான் பரிசு. மங்கலான வெளிச்சம், அமைதியான ஏரி, கச்சிதமான பிரிண்ட். லீக்கில் கேள்வியே வேறு. இதை ஏன் எடுத்தாய்? படத்தில் இருக்கும் மனிதரைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? மாணவர்களின் பிரிண்ட்களை எல்லோர் முன்னாலும் வைத்துப் பேசுவார்கள். கிராஸ்மேன் வகுப்பில் தயவு தாட்சண்யம் இருக்காது. அவரிடம் கற்றவர்கள் பலர் பயந்ததும் உண்டு, திரும்பத் திரும்ப அவரிடமே போனதும் உண்டு. எடுத்தவர் எதிரிலேயே இருப்பார், பதில் சொல்லலாம், அடுத்த முறை வேறு படத்தோடு வரலாம்.

ஆரன் சிஸ்கின்ட் தலைமையில் ஒரு குழு 1936 முதல் 1940 வரை கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதியைப் படமெடுத்தது. யார் எதை எடுப்பது என்று திட்டமிட்டு, எடுத்து வந்ததைக் கூடிப் பேசித் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் படங்களில் வறுமை தெரிகிற அளவுக்கு மக்களின் வாழ்க்கை தெரியவில்லை என்ற விமர்சனம் பின்னால் எழுந்தது. அதுவும் நியாயமான விமர்சனம்தான்.

வால்டர் ரோசன்ப்ளம் 1937ல் லீக்கில் சேர்ந்தபோது அவருக்கு 18 வயது. லோயர் ஈஸ்ட் சைடில் ஓர் ஏழைக் குடும்பத்தில் வளர்ந்தவர். தான் வளர்ந்த பகுதியின் பிட் தெருவையே படமெடுக்க ஆரம்பித்தார். பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிக் கரையில் படமெடுத்த ராணுவப் புகைப்படக்காரர்களில் அவரும் ஒருவர்.

1947 டிசம்பரில்தான் இடி விழுந்தது. அரசுக்கு எதிரானவை என்று சந்தேகிக்கப்படும் அமைப்புகளின் பட்டியலை அட்டர்னி ஜெனரல் டாம் கிளார்க் வெளியிட்டார். அதில் போட்டோ லீக்கின் பெயரும் இருந்தது. முன்கூட்டித் தகவல் இல்லை, விசாரணை இல்லை, பதில் சொல்ல வாய்ப்பும் இல்லை. லீக்கில் இடதுசாரிகள் இருந்தது உண்மை. ஆனால் அரசியலே இல்லாமல் போட்டோ கற்க வந்தவர்களும் அங்கே நிறைய இருந்தார்கள். பட்டியல் அந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை.

முதலில் லீக் பயந்துவிடவில்லை. ஆன்சல் ஆடம்ஸ் போன்ற பெரிய கலைஞர்கள் ஆதரவாக நின்றார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களும் உண்டு. ஆனால் 1949ல் கம்யூனிஸ்ட் தலைவர்கள் மீதான வழக்கில் ஏஞ்சலா கலோமிரிஸ் என்ற லீக் உறுப்பினர் சாட்சிக் கூண்டில் ஏறினார். அவர் பல வருடமாக எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்து வந்தவர் என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. கிராஸ்மேனை அவர் கம்யூனிஸ்ட் என்று சொன்னார்.

அதற்குப் பிறகு யார் மனம் திறந்து பேசுவார்கள்? பக்கத்து நாற்காலியில் இருப்பவர் யார் என்றே தெரியாத அறையில் படத்தைப் பற்றிக்கூட உண்மை பேச முடியாது. உறுப்பினராக இருந்தால் வேலை போகும் என்ற பயம் வேறு. ஒவ்வொருவராக விலகினார்கள். 1951ல் லீக் மூடப்பட்டது. கிராஸ்மேன் தனியாக மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1955ல், 42 வயதில், இறந்துபோனார்.

60 வருடம் கழித்து, 2011ல், நியூயார்க்கின் யூத அருங்காட்சியகம் லீக்கின் படங்களைப் பெரிய கண்காட்சியாக வைத்தது. அன்று சந்தேகத்துக்கு ஆளானவர்களின் படங்கள் இன்று அமெரிக்க வரலாற்றின் பகுதி.

ஒரு சாதாரண மாணவரின் படத்துக்குக்கூட லீக்கில் பேச்சு உண்டு, பதில் உண்டு, மறு வாய்ப்பு உண்டு. அந்த லீக்குக்கு மட்டும் இதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.