ஒரு நீச்சல் குளமும் இரண்டு பொய்களும்

இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் இருக்கிறது கிளிவ்டன் மாளிகை. இன்று அது சொகுசு ஹோட்டல். பணக்காரர்கள் ஓய்வெடுக்க வருகிறார்கள். அங்குள்ள நீச்சல் குளத்துக்கு ஒரு கதை உண்டு.

1961 ஜூலையில், மாளிகை ஆஸ்டர் பிரபு குடும்பத்தின் வசம் இருந்தபோது, போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃப்யூமோ 19 வயது கிறிஸ்டின் கீலரை முதலில் பார்த்தது அந்தக் குளத்தருகேதான். பிறகு அவர்களுக்குள் ஏற்பட்ட உறவை 1963-இல் நாடாளுமன்றத்தில் மறுத்துப் பொய் சொன்னார் அமைச்சர். பொய் வெளிப்பட்டது, பதவி விலகினார். அதே ஆண்டு, வேறொரு வழக்கில் பொய்சாட்சி சொன்னதற்காகக் கீலருக்கு 9 மாதச் சிறைத்தண்டனை!

பின்னர் தொண்டுப் பணியில் ஈடுபட்ட புரொஃப்யூமோவுக்கு 1975-இல் அரசு விருது கிடைத்தது. கீலருக்கோ கடைசிவரை கெட்ட பெயர்தான். பொய் சொன்னவர்கள் இரண்டு பேர். சிறைக்குப் போனது ஒருவர் மட்டும். இது நியாயமா? நீங்களே சொல்லுங்கள்.