யூடியூப்-டிஎல் காணாமல் போன 24 நாட்கள்

2020 அக்டோபர் 23 அன்று கிட்ஹப் தளத்திலிருந்து யூடியூப்-டிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் நீக்கப்பட்டது. காரணம், அமெரிக்க இசை நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ அனுப்பிய ஒரு கடிதம்.

இணைய வீடியோக்களைக் கணினியில் இறக்கிக்கொள்ள உதவும் நிரல் இது. 2006-லிருந்தே இருக்கிறது, பத்திரிகையாளர்களும் பயன்படுத்தினார்கள். இதற்குள் பாட்டு எதுவும் கிடையாது! நிரல் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனை வரிகளில் மட்டும் டெய்லர் ஸ்விஃப்ட் உள்ளிட்டோரின் பாடல்களுக்குச் சுட்டிகள் இருந்தன. சங்கம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

சிக்கல் சட்டத்தில் இருந்தது. 1998-ல் வந்த டிஎம்சிஏ சட்டப்படி, சாதாரண காப்புரிமைப் புகார் என்றால் எதிர்மனு கொடுத்து நிரலைத் திரும்பப் பெறலாம். 'டிஜிட்டல் பூட்டை உடைக்கும் கருவி' என்று 1201-ஆம் பிரிவில் புகார் வந்தால் அப்படி ஒரு வழி சட்டத்தில் எழுதப்படவே இல்லை. நீதிமன்றம் போகாமலே தளம்தான் நீதிபதி!

கோபத்தில் சிலர், கிட்ஹப் புகார்க் கடிதங்களை வெளியிடும் பக்கத்திலேயே அந்த நிரலை ஏற்றினார்கள் (குசும்புதான்). ஆனால் பலித்தது வக்கீல் கடிதம். இந்த நிரல் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை என்று ஈஎஃப்எஃப் அமைப்பு விளக்கியது. சர்ச்சைக்குரிய சோதனை வரிகளும் எடுக்கப்பட்டன. நவம்பர் 16 அன்று நிரல் திரும்பி வந்தது. இத்தகைய புகார்களை இனி தொழில்நுட்ப வல்லுநர்களும் வக்கீல்களும் ஆராய்வார்கள், தெளிவில்லாவிட்டால் நிரலாளர் பக்கமே நிற்போம் என்று கிட்ஹப் அறிவித்தது. நிரலாளர்களின் வழக்குச் செலவுக்குப் பத்து லட்சம் டாலரும் ஒதுக்கியது.