நெல் குலை நோய்: எதிர்ப்பு ரகமும் ஏன் தோற்கிறது?

மார்கழி, தை மாதங்களில் இரவு குளிர்ந்து, காலைப் பனி இலையில் நெடுநேரம் நிற்கும். கனகசெட்டிக்குளம் பகுதி விவசாயிகள் குலை நோயைக் கவனிக்க வேண்டிய காலம் இதுவே. இலையில் நடுவே சாம்பல் நிறமும், பழுப்பு ஓரமும் கொண்ட கண் வடிவப் புள்ளிகள் தோன்றும். கதிரின் கழுத்தில் தாக்கினால் மணி பதராகிவிடும்.

இந்தியாவில் இந்நோய் 1913-ல் தஞ்சை டெல்டாவில் முதலில் பதிவானது. அன்று முதல் பல எதிர்ப்பு ரகங்கள் வந்தும் நோய் ஒழியவில்லை.

காரணம் என்ன?

பூஞ்சாணம் சுரக்கும் குறிப்பிட்ட புரதத்தை, எதிர்ப்பு ரகத்தின் மரபணு அடையாளம் கண்டு தடுக்கிறது. ஆனால் ஒரே புள்ளியில் ஆயிரக்கணக்கான வித்துகள் உருவாகின்றன. அவற்றில் ஏதோ ஒன்றில் அந்தப் புரதத்திற்கான மரபணு மாறினாலோ, அழிந்தாலோ பயிரால் அதை அடையாளம் காண முடியாது. ஊர் முழுக்க ஒரே ரகம் இருந்தால், அந்த ஒரு வித்தின் சந்ததியே எல்லா வயலிலும் பரவும்.

கோதுமை தரும் பாடம்

இதே பூஞ்சாண இனத்தின் புல்லைத் தாக்கும் வகை, 1985-ல் பிரேசிலில் கோதுமைக்குத் தாவியது. தடுப்பு மரபணு இல்லாத கோதுமை ரகங்கள் பரவலாகப் பயிரானதே அதற்கு வழிவிட்டது. 2016-ல் அந்நோய் வங்கதேசத்தை அடைந்து, சுமார் 15,000 எக்டரைத் தாக்கியது. அதன்பின் மேற்கு வங்க எல்லைப் பகுதிகளில் கோதுமை சாகுபடியே நிறுத்தப்பட்டது.

நீங்கள் செய்ய வேண்டியவை

* ஒரே ரகத்தை ஆண்டுதோறும் பயிரிடாதீர்கள். பக்கத்து வயல்காரர்களுடன் பேசி ரகங்களை மாற்றி நடுங்கள். ஐ.ஆர். 50, பி.பி.டி. 5204 ரகங்களை நோய் எளிதில் தாக்கும்.
* நோய் கண்ட வயலில் விதை எடுக்காதீர்கள். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்யுங்கள்.
* யூரியாவைப் பிரித்து இடுங்கள். தழைச்சத்து மிகுந்தால் நோயும் மிகும்.
* வரப்புப் புற்களை அகற்றுங்கள்.
* ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளிக்காதீர்கள். மருந்துக்கும் பூஞ்சாணம் இதே வழியில் பழகிவிடும். வேளாண் அலுவலரைக் கேட்டு, வேறு வகை மருந்தை மாற்றித் தெளியுங்கள்.

எதிர்ப்பு ரகத்தில் புள்ளி கண்டால், மருந்து வாங்கும் முன் அந்த இலையுடன் குருமாம்பேட் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகுங்கள். புதிய வகைப் பூஞ்சாணம் வந்திருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது உங்கள் வயல்தான்.