ஹிரோஷிமா ஓவியங்களும் நினைவின் நேர்மையும்

1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் திகதி காலை ஹிரோஷிமா நகரின்மீது அணுக்குண்டு வீழ்ந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 140,000 மக்கள் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. குண்டு வீழ்ந்து மூன்று நாட்களில், அந்நகர்ப் புறத்தைச் சொந்த ஊராகக் கொண்ட ஓவியர் மாருக்கி இரி தமது குடும்பத்தாரைத் தேடி அங்கு சென்றார். சில தினங்களின் பின்னர் அவர் மனைவியும் ஓவியருமான மாருக்கி தோஷியும் போய்ச் சேர்ந்தார். காயப்பட்டோரைச் சுமப்பதிலும், இறந்தோரை எரிப்பதிலும், உணவு தேடுவதிலும் அவர்களுடைய நாட்கள் கழிந்தன. கண்டதைத் தூரிகையாற் சொல்லும் துணிவு பிறக்கச் சில ஆண்டுகள் சென்றன.

அக்காலம் யப்பான் அமெரிக்கப் படைகளின் ஆட்சியில் இருந்த காலம். அணுக்குண்டின் கொடுமையைக் கூறும் எழுத்தும் நிழற்படமும் தணிக்கைக்கு உட்பட்டன. குண்டுக்கு இலக்கானோரின் நிழற்படங்களை யப்பானியப் பொதுமக்கள் பரவலாகக் காண முடிந்தது அவ்வாட்சி முடிவுற்ற 1952ஆம் ஆண்டிலேயாகும். ஆனால் 1950 பெப்ரவரியிலேயே இத்தம்பதியரின் முதல் ஓவியம் தோக்கியோவில் மக்கள் முன் வைக்கப்பட்டது. அணுக்குண்டு என்ற சொல்லைத் தவிர்த்து, ‘ஆகஸ்ட் 6’ என்றே அதற்குப் பெயரிட்டனர். ஆட்சியாளர் மறைத்த உண்மையை ஓவியம் முந்திக்கொண்டு உரைத்தது எனலாம்.

1982 வரை அவர்கள் தீட்டியவை 15 ஓவியங்கள். பெரும்பாலானவை 1.8 மீற்றர் உயரமும் 7.2 மீற்றர் அகலமும் கொண்டவை. தோஷி மேனாட்டு நெய்வண்ண முறையிற் பயின்றவர். மனித உடலைத் துல்லியமான கோடுகளால் வரைந்தார். இரி கீழைத்தேய மையோவியத்தில் வல்லவர். அக்கோடுகளின்மீது மையைப் பரவவிட்டார். ஒருவர் வரைந்ததை மற்றவர் மூட, மூடியதை முன்னவர் மீண்டும் வரைய, தெளிவும் இருளும் போராடும் ஒரு கலை வடிவம் பிறந்தது. நாடெங்கும் இவ்வோவியங்கள் கொண்டுசெல்லப்பட்டன. வாய் திறவாதிருந்த பலர் அவற்றின் முன் நின்று தம் கதையைக் கூறினர்.

இதுவரை கூறியவை மாத்திரமே இவர்களைச் சிறந்த கலைஞராக்கப் போதுமானவை. ஆயின் இவர்களது பெருமை இனித்தான் தொடங்குகிறது. 1970இல் ஓவியங்கள் அமெரிக்காவில் வைக்கப்பட்டபோது ஒரு கேள்வி எழுந்தது: நான்கிங் நகரில் யப்பானியப் படை செய்த படுகொலையைச் சீன ஓவியர் ஒருவர் தீட்டி யப்பானுக்குக் கொண்டுவந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கேட்டவர் ஒரு பேராசிரியர். கேள்வி குத்தலானது, ஆனால் நியாயமானது. மாருக்கி தம்பதியர் அதனைப் பகைவரின் வாதமெனத் தள்ளிவிடவில்லை.

குண்டு வீழ்ந்த வேளை அமெரிக்க விமானப் படையினர் சிலர் ஹிரோஷிமாவிற் சிறைப்பட்டிருந்தனர். 1971இல் தீட்டப்பட்ட 13ஆம் ஓவியம், அக்கைதிகளை யப்பானியர் அடித்துக் கொல்வதைக் காட்டுகிறது. அடுத்த ஆண்டு 14ஆம் ஓவியமாகிய ‘காகங்கள்’ தோன்றிற்று. 1910 முதல் யப்பானின் குடியேற்ற நாடாயிருந்த கொரியாவிலிருந்து ஏராளமானோர் கட்டாய உழைப்புக்குக் கொண்டுவரப்பட்டிருந்தனர். அவர்களும் அதே குண்டினால் மாண்டனர். அவர்களுடைய பிணங்களே இறுதிவரை அகற்றப்படாது காகங்களுக்கு இரையாயின என்ற செய்தியே அவ்வோவியத்தின் கரு. சாவிலும் ஆண்டான் அடிமை வேற்றுமை ஒழியவில்லை. 1975இல் நான்கிங் படுகொலையையே அவர்கள் பேரோவியமாகத் தீட்டினர்.

பிறர் துயரைக் கூறுவது நம்மவர் துயரைக் குறைத்துவிடும், கொடியவனின் குற்றத்தை நீர்த்துப்போகச் செய்யும் என்போர் உளர். இவ்வோவியங்கள் அதற்கு மறுமொழியாகின்றன. குண்டை வீசியவரின் குற்றத்தில் ஓர் அணுவையேனும் மாருக்கி தம்பதியர் தள்ளுபடி செய்யவில்லை. தம் இனத்தின் குற்றத்தையும் அவர்கள் மறைக்காததாற்றான் அவர்தம் குற்றச்சாட்டு மறுக்கவொண்ணாத வலிமை பெற்றது. தன் பிணத்தை மட்டும் எண்ணும் நினைவு அடுத்த யுத்தத்துக்கு ஆள் சேர்க்கும்; எல்லாப் பிணங்களையும் எண்ணும் நினைவே யுத்தத்தை நடத்தும் சக்திகளை இனங்காட்டும்.

நமது நாட்டில் 2009இல் யுத்தம் முடிவுற்றது. முள்ளிவாய்க்காலின் துயரை நம் கலைஞர் தீட்டவேண்டும். எவர் தடுப்பினும் தீட்டவேண்டும். அதனை விட்டுக்கொடுக்குமாறு எவரும் நம்மைக் கேட்க உரிமையில்லை. தெற்கிலே சிங்கள ஓவியரான சந்திரகுப்த தேனுவர, 1983 யூலையில் தமிழ் மக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை நினைவூட்டி, 1997 முதல் யூலை மாதந்தோறும் கண்காட்சி நடத்தி வந்துள்ளார். அவர் தம் இனத்தவரின் முன் அந்தக் கண்ணாடியைப் பிடிக்கிறார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் வடபுலத்து முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் வீடு வாசலிழந்து வெளியேறினரே, அந்நாளை வரையும் தூரிகையை நாம் எத்தகைய முகத்தோடு வரவேற்போம்? மாணவருக்கு வரலாறு கற்பிக்கும் நாம் இக்கேள்வியைத் தவிர்த்தல் ஆகாது. நான்கிங்கைப் பற்றிக் கேட்கப்பட்டபோது ஹிரோஷிமாவின் ஓவியர் தலை கவிழ்ந்து நின்றுவிடவில்லை. திரும்பி வந்து மையைக் குழைத்தனர்.