வேர்த்த கதவும் வேர்க்காத கதவும்

சென்ற மார்கழியில் நண்பர் ஒருவரின் புது வீட்டில் விருந்தினராகத் தங்கக் குலசேகரம் சென்றிருந்தோம். பேச்சு நள்ளிரவைத் தாண்டி நீண்டது. படுக்கும்முன் பனிக்கு அஞ்சிச் சன்னல்களையெல்லாம் இறுக அடைத்துக்கொண்டோம். விடியலில் வாசல் திறக்கப் போன நமக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. இரும்புத் தகட்டால் செய்த முன்கதவின் உட்புறம் முழுவதும் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. அது வழிந்து வழிந்து, கதவின் கீழ்விளிம்பில் வண்ணம் உப்பித் துருவும் ஏறியிருந்தது. வீடு கட்டி மூன்றாண்டுகூட ஆகவில்லை.

நண்பரின் தாயார் அதைத் துணியால் துடைத்தபடியே சொன்னார்: "நம்ம பழைய வீட்டுக் கதவு ஒரு நாளும் இப்பிடி வேர்த்தது இல்ல மக்களே."

அந்தப் பழைய வீடு இன்று இல்லை. அதைப் பிரித்து விற்ற மரத்தின் பணமும் சேர்ந்தே இந்த வீடு எழுந்தது. அம்மையார் சொன்ன சொல் நம்மை விடவில்லை. பழைய கதவு ஏன் வேர்க்கவில்லை? அன்று பகல் முழுவதும் இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டே திரிந்தோம். அதற்குக் கிடைத்த விடையை இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் நீர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பனி வானிலிருந்து மழைபோல் இறங்குகிறது என்றே நெடுங்காலம் பலரும் எண்ணியிருந்தனர். இலண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்லசு வெல்சு, இரவுதோறும் தோட்டத்தில் கம்பளி இழைகளை வைத்து எடைபார்த்து, 1814இல் பனியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தெளிந்த வானத்தின்கீழ்ப் பொருள்கள் தம் வெப்பத்தை இழந்து குளிர்கின்றன. அக்குளிர்ந்த பரப்பைத் தொடும் காற்றில் உள்ள நீராவியே நீராகிறது என்று அவர் நிறுவினார். ஒரு கன மீட்டர் காற்று 30 பாகை செல்சியசில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராம்தான் தாங்கும். உறைநிலையில் 5 கிராமுக்கும் குறைவு. காற்று குளிரும்போது, தாங்கமுடியாத மிச்சத்தைக் கிடைத்த குளிர்ந்த பரப்பின்மேல் இறக்கிவைக்கிறது.

ஆக, நண்பர் வீட்டுக் கதவில் வழிந்தது வெளிப்பனியன்று. இரவெல்லாம் நாம் விட்ட மூச்சும், இரவுச் சமையலின் ஆவியுமே! இரும்பு தேக்கைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக வெப்பம் கடத்துவது. வெளிமுகம் குளிர்ந்தவுடன் உள்முகமும் குளிர்ந்துவிடுகிறது. தடித்த மரக்கதவில் அப்படி நேர்வதில்லை. மேலும், மரம் சிறிதளவு ஈரத்தைத் தன்னுள் வாங்கி, வெயில் ஏறியதும் திருப்பித் தந்துவிடும்.

அப்படியானால் மரம் ஒன்றே விடையா? அன்று பிற்பகல் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்றபோது, மரம் பாதி விடைதான் என்று தெரிந்தது.

வேணாட்டு மன்னர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் 1601ஐ ஒட்டி அடித்தளமிட்ட அரண்மனை அது. மார்த்தாண்டவர்மர் (1729 - 1758) காலத்தில் விரிவடைந்து இன்றைய உருவை எய்தியது. 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956 நவம்பர் முதல் நாளில் கல்குளம் வட்டம் நம் மாநிலத்தோடு இணைந்த பிறகும், அரண்மனை மட்டும் கேரள அரசின் பராமரிப்பிலேயே இருந்து வருகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கும் மண் இது. இங்கே மரத்தால் ஒரு மாளிகை எழுப்பி, நானூறு ஆண்டுகளாக நிற்கவைத்தது எளிய செயலன்று.

மந்திரசாலையில் நின்று பார்த்தோம். சுவர் இருக்கவேண்டிய இடத்தில் சாய்ந்த மரச் சட்டங்கள். மழைச்சாரலும் வெயிலும் உள்ளே வாரா. காற்று மட்டும் தடையின்றி வந்துபோகும். தாழ இறங்கும் கூரை, சுவரையும் கதவையும் நனையாமல் காக்கிறது. வெக்கை மேலேறிப் போவதற்கு முகப்பில் வழி இருக்கிறது. ஓடுகளின் இடைவெளிகூட ஒரு சாளரமே. பாசல் மிஷனார் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின்னர் எளியோர் வீடுகளுக்கும் பரவிய ஓட்டுக்கூரைக்கு இதே குணம் உண்டு. கட்டிய தச்சர்கள் ஈரத்தைத் தடுக்க முயலவில்லை; உள்ளே பிறக்கும் ஈரம் வெளியேறப் பாதை அமைத்தார்கள்.

கதவுகளிலும் இந்த அறிவைக் காணலாம். மரம் ஈரத்தில் குறுக்குவாட்டில் விரியும். நெடுக்குவாட்டில் ஏறக்குறைய மாறாது. ஆகவே சட்டத்தின் பள்ளத்துக்குள் பலகையை ஆணி அறையாமல் செருகினால், அது மழைக்காலத்தில் பருக்கவும் கோடையில் சுருங்கவும் இடம் கிடைக்கும். கதவு பிளக்காது, முறுக்கிக்கொள்ளாது.

பழைய வீடு சிலவற்றின் வாசலில் இரண்டு கதவுகள் உண்டு. வெளியே அழிக்கதவு, உள்ளே பலகைக்கதவு. இதற்கு எதிர்பாராத ஓர் உறவு பனிநாடுகளில் இருக்கிறது. கனடா முதலிய வட அமெரிக்கப் பகுதிகளில் குளிர்காற்றைத் தடுக்க வாசற்கதவுக்கு வெளியே இன்னொரு கதவு பொருத்துவார்கள். புயற்கதவு என்பது அதன் பெயர். சில வீடுகளில் அவ்வெளிக்கதவின் உட்புறத்தில் நீர் கோத்துப் பனிக்கட்டியாகவே உறைந்துவிடும். வெளிக்கதவை இன்னும் இறுக்கமாக அடைப்பதே தீர்வு என்று நமக்குத் தோன்றும். உண்மை நேர்மாறானது. உட்கதவின் இடுக்குகளை அடைத்து, வீட்டின் ஈரக்காற்று வெளிக்கதவை எட்டாமல் செய்யவேண்டும். வெளிக்கதவிலோ காற்றுக்குச் சிறிது வழி விடவேண்டும். உள்ளது இறுக்கமாகவும் புறம் தளர்வாகவும் இருக்கவேண்டும் என்பதே விதி. அழிக்கதவும் பலகைக்கதவும் அமைந்த முறை இதுவே அன்றோ? பனிக்கட்டியைக் கண்டறியாத தச்சர்கள் கைப்பழக்கத்தால் அந்த ஒழுங்கை அடைந்திருக்கிறார்கள்.

குலசேகரத்து ரப்பர் விவசாயிகளுக்கும் இது தெரிந்ததே. ஈரமான ரப்பர் தாள்களைப் புகைப்புரையில் தொங்கவிட்ட முதல் நாளில் மேல்துளைகளைத் திறந்தே வைப்பார்கள். ஈரம் வெளியேறாமல் சூடு மட்டும் ஏறினால் பயனில்லை என்று அறிவார்கள். அவர்களே தங்கள் வீட்டைக் கட்டும்போது கான்கிரீட் தளமும், இரும்புக்கதவும், அடைத்த சன்னலுமாகக் கட்டிக்கொள்கிறார்கள். புகைப்புரைக்குத் தந்த மூச்சை வீட்டுக்குத் தரவில்லை.

அவர்களைக் குறைசொல்வதில் நியாயமில்லை. தேக்கும் அயினியும் விற்கும் விலையில் யார் மரவீடு கட்டமுடியும்? கரையானோடும் ஒழுகும் ஓட்டோடும் ஆண்டுதோறும் போராடிக் களைத்தவர்களே பழைய வீடுகளைப் பிரிக்கிறார்கள். நம் வருத்தம் வேறு. வீட்டைப் பிரிக்கும்போது மரத்துக்கு விலை பேசுகிறோம். அம்மரம் ஏன் அவ்வாறு இணைக்கப்பட்டது என்ற அறிவை எவரும் கேட்பதில்லை. அழகுக்காக வாங்கப்பட்ட நிலையும் கதவும் ஏதோ ஒரு நகரத்து விடுதியில், குளிரூட்டிய அறையின் சுவரை அலங்கரிக்கின்றன. கதவு பிழைத்தது, அதன் கருத்து இறந்தது. அரண்மனையைக் காக்க அரசு இருக்கிறது. அந்தக் கருத்தைக் காக்க மரவீடு வேண்டியதில்லை, நினைவிருந்தால் போதும்.

மாலையில் திரும்பியதும் நண்பரோடு வீட்டைச் சுற்றிவந்தோம். முன்கதவுக்கு மேலே காற்றுத்துளை ஒன்று இருந்தது. கொசுவுக்காக அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். அட்டையை நீக்கிக் கொசுவலை அடித்தோம். சமையலறைச் சன்னலை உறங்கும் நேரம்வரை திறந்து வைத்தோம். மறுநாள் விடியலில் கதவின் கீழ்ப்பகுதியில் மட்டும் சிறிது நீர். முற்றிலும் நீங்கவில்லை, இரும்பு இரும்புதானே! எனினும் அம்மையாரின் துணிக்கு அன்று வேலை குறைவு.

"வீட்டுக்கும் மூச்சு முட்டுமில்லா" என்றார் அவர். இத்தனை பக்கத்தில் நாம் சொல்ல முயன்றதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். உங்கள் ஊரில் பழைய வீடு ஏதேனும் பிரிக்கப்படும் செய்தி வந்தால், ஒருமுறை சென்று அதன் கதவையும் கூரையையும் பார்த்துவிட்டு வாருங்கள். காற்று எவ்வழியே போயிற்று என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.